கூண்டில் பாதி, தரையில் பாதி

கோழித்தீனி விற்பவனை வாசலில் நிற்கவைத்தே பேசி அனுப்பிவிடுவதுதான் ஊர் வழக்கம். உள்ளே கூப்பிட்டு நாற்காலி போடுகிறவர் யார் என்று பார்த்தால் அவரும் ஒரு கோழிக்காரராகத்தான் இருப்பார்.

வீடு வீடாகக் காப்புறுதி விற்றவர்கள், தண்ணீர் மீட்டர் பார்க்கப் போய் நாயிடம் கடி வாங்கியவர்கள், மூட்டைப்பூச்சி மருந்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர்கள் எல்லாரும் இதைப் படித்தால் தலையாட்டுவீர்கள். நாம் எல்லாரும் ஒரே கூட்டம்தான். எழுபதுகளின் கடைசியில் தொடங்கிப் பதினோரு வருஷம் நான் பினாங்கில் ஒரு தீனிக் கம்பெனியின் வெளி ஆளாக இருந்தேன். தீவிலும் அக்கரையிலும் கோழிப் பண்ணை இருக்கும் இடத்துக்கெல்லாம் மோட்டார் சைக்கிளில் போவது, தீனி மூட்டைக்கு ஆர்டர் எடுப்பது, கோழிக்குச் சீக்கு வந்தால் முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டு பார்ப்பது, இவைதான் வேலை. நான் படித்தது விலங்கியல். அரசாங்க அலுவலகத்தில் மேசை போட்டு உட்காருவேன் என்று அப்பா நினைத்துக்கொண்டிருந்தார். மேசை என்னவோ கிடைத்தது, ஆனால் அதன்மேல் எப்போதும் ஒரு கோழி மல்லாந்து கிடந்தது.

அந்த வருஷங்களில் எங்கள் தொழிலில் ஒரே ஒரு கேள்விதான் பெரிய கேள்வி. முட்டைக் கோழிகள் அதற்கு முன்பே கம்பிக் கூண்டுக்குள் போய்விட்டன. கறிக்கோழிகளையும் கூண்டில் ஏற்றலாமா, இல்லை வழக்கம்போல் தரையில் உமியைப் பரப்பி அதில் ஓடவிடலாமா? இதைக் கேட்டு அடித்துக்கொள்ளாத காப்பிக் கடை கிடையாது. நானும் அதில் மாட்டிக்கொண்டேன். மாட்டிக்கொண்ட கதைதான் இது.

வழிவிடும் வாசனை

முதலில் வாசனையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கோழிக் கொட்டகைக்குள் பத்து நிமிஷம் நின்றால் போதும். அந்த நெடி சட்டையில் ஏறி, தலைமுடியில் குடியிருந்து, மணிக்கூட்டின் தோல் வாரில் நிரந்தரமாகத் தங்கிவிடும். என் மனைவி புஷ்பம் நல்ல யாழ்ப்பாணத்துக் கிளார்க் வீட்டில் பிறந்தவள். கல்யாணமான இரண்டாம் வாரமே எனக்கென்று ஒரு சட்டம் போட்டுவிட்டாள். "முன்வாசலாலை வராதேங்கோ. கோழி எல்லாம் பின்பக்கத்தாலைதான்" என்றாள். அன்று முதல் பதினோரு வருஷமும் என் வீட்டுக்கு நான் பின்வாசல் வழியாகத்தான் போனேன்.

ஒரு வெள்ளிக்கிழமை வேலை முடிய நேரமாகிவிட்டது. குளிக்க நேரமில்லாமல் பண்ணையிலிருந்து நேராகத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போய்விட்டேன். கூட வந்தவர் எங்கள் கம்பெனி லாரி டிரைவர் மணியம். படியில் ஏறும்போது எனக்கு முன்னால் போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தார்கள், ஓரமாக ஒதுங்கினார்கள். எனக்கோ வெட்கம் தாங்கவில்லை. மணியத்துக்கு அதெல்லாம் இல்லை. மேலே வரைக்கும் சும்மா கையை வீசிக்கொண்டு என் பின்னாலேயே வந்தவர், சன்னதிக்கு முன்னால் நின்று சொன்னார்: "சார், தைப்பூசத்துக்கும் நீங்க குளிக்காம இப்படியே வந்துருங்க லா. நான் உங்க பின்னாலயே காவடி எடுத்துட்டு வந்துர்றேன்."

ஒரு கொட்டகை, இரண்டு கட்சி

பாயான் லெப்பாஸுக்குச் சற்று உள்ளே தள்ளி பொன்னுசாமி அண்ணனுக்கு ஒரு பண்ணை இருந்தது. இரண்டு நீளக் கொட்டகைகள், கொட்டகைக்கு ஆயிரத்தைந்நூறு கோழிகள், எல்லாம் தரையில். அண்ணன் வாங்குவார், விற்பார், ஆள்களைப் பார்ப்பார். கோழியைப் பார்ப்பது அவர் மனைவி லெட்சுமி அக்கா. எந்தக் கோழி தும்முகிறது, எது இன்றைக்குத் தண்ணீர் குடிக்கவில்லை என்று அக்காவைக் கேட்டால்தான் தெரியும். அண்ணனுக்குத் தெரிந்தது மொத்த எண்ணிக்கை மட்டும். அவருடைய கோழிகளுக்கு நல்ல பெயரும் இருந்தது. சீனர்கள் பூசைக்குத் தலை, கால், தோல் எதுவும் குறையாமல் முழுக்கோழி வைப்பார்கள். தோலில் ஒரு தழும்பு இருந்தாலும் வாங்க மாட்டார்கள். பெருநாள் வந்தால் பசாரில் அவர்கள் பொன்னுசாமி கோழி என்று கேட்டு வாங்குவார்கள்.

இந்த நிலையில்தான் பக்கத்துத் தொழிற்சாலைப் பேட்டை பெரிதாகிறது என்று கடிதம் வந்தது. பண்ணை நிலத்தில் பாதி போய்விடும், ஒரு கொட்டகைதான் மிஞ்சும். ஒரு கொட்டகைத் தரையில் மூவாயிரம் கோழியை விட முடியாது. கூண்டை இரண்டு அடுக்காகப் போட்டால் அதே கொட்டகையில் மூவாயிரமும் கொள்ளும். அண்ணன் அன்றைக்கே கூண்டுக் கட்சியில் சேர்ந்துவிட்டார். எங்கள் கம்பெனியும் அப்போதுதான் கூண்டு விற்க ஆரம்பித்திருந்தது. ஆக, நானும் சம்பளம் வாங்குகிற கூண்டுக் கட்சிதான். அக்கா மட்டும் தரைக் கட்சி. மூவாயிரம் கோழி இல்லாவிட்டால் பண்ணை நிற்காது என்பது அண்ணனின் பயம். கூண்டு வந்தால் கோழி கோழியாக இருக்காது என்பது அக்காவின் பயம்.

சண்டை வேண்டாம், சோதித்துப் பார்த்துவிடலாம் என்று நான்தான் பெரிய மனிதன்போல் யோசனை சொன்னேன். ஒரே நாளில் பொரித்த குஞ்சுகள், ஒரே தீனி. நூற்று இருபது கூண்டில், நூற்று இருபது அதே கொட்டகையின் மூலையில் தட்டி மறைத்த தரையில். எட்டு வாரம் கழித்து எது தேறுகிறதோ அதன்படி மீதிக் கொட்டகை. தீனியை அளந்து போட்டுச் சிலேட்டில் எழுதிவைக்கும் பொறுப்பு அக்காவுக்கு. அக்கா சம்மதித்தார். கூண்டுகளை இறக்கிப் பூட்டி முடித்ததும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "நாம கோழி வளக்கறோமா, இல்ல அலமாரியில அடுக்கி வைக்கிறோமா, உங்க கம்பெனியில கேட்டுச் சொல்லுங்க தம்பி."

முதல் அடி

நாலாம் வாரம் நான் கோழிகளை நிறுத்துக்கொண்டிருந்த நேரத்தில், அடுத்த நிலத்தில் தொழிற்சாலைக்குத் தூண் இறக்க ஆரம்பித்தார்கள். இரும்புச் சம்மட்டி உயரத்திலிருந்து விழுந்த முதல் அடியில் தகரக் கூரை அதிர்ந்தது. தரையில் இருந்த நூற்று இருபது குஞ்சுகளும் ஒரே மூலைக்கு ஓடி ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின. தரையில் வளர்ப்பதன் பெரிய ஆபத்தே இதுதான். அடியில் இருப்பவை மூச்சு முட்டிச் செத்துப்போகும். நான் தராசைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். அக்கா ஓடிப்போய் அந்த மூலையிலேயே உட்கார்ந்து, குவியலுக்குள் இரண்டு கையையும் விட்டு வாரி வாரி மடியில் போட்டுக்கொண்டார். ஒவ்வொரு அடி விழும்போதும் குஞ்சுகள் மறுபடி அவரிடமே வந்து ஏறின. அரை மணி நேரம் அசையாமல் இருந்தார். ஏழு செத்தன. அக்கா இல்லாவிட்டால் எழுபது போயிருக்கும்.

சத்தம் கேட்டு அண்ணன் ஓடி வந்தார். கூண்டுப் பக்கம் ஒன்றுமே நடக்கவில்லை. பத்துப் பத்தாக நின்ற இடத்திலேயே நின்று, தலையைச் சாய்த்துத் தரையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தன. அக்கா உமியும் எச்சமுமாக எழுந்து நிற்பதைப் பார்த்து அண்ணனுக்கு வருத்தம்தான், இருந்தாலும் கட்சியை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. செத்த ஏழையும் பொறுக்கி எடுத்துக்கொண்டே என் காதோரம் சொன்னார்: "பாத்தீங்களா தம்பி, என்னோடது படிச்ச பிள்ளைங்க. சீட்டை விட்டு எந்திரிக்கல."

காசிம் பாயின் கட்டை

எட்டு வாரம் முடிந்தது. கூண்டுதான் ஜெயித்தது. கூண்டில் ஒன்றுகூடச் சாகவில்லை. ஒரு காத்தி, அதாவது அறுநூறு கிராம், கறி ஏறத் தின்ற தீனியும் தரையைவிடக் குறைவு. எனக்கு உள்ளூர ஒரு பயம் இருந்தது. கம்பிமேலேயே உட்கார்ந்து வளரும் கனத்த கோழிக்கு நெஞ்சில் கொப்புளம் வரும், கால் சோர்ந்துபோகும், எலும்பு நொறுங்கும் என்று படித்திருந்தேன். பூசைக் கோழிக்கு நெஞ்சில் கொப்புளம் வந்தால் பொன்னுசாமி அண்ணனுக்கு வாடிக்கையே போய்விடும். அதனால் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தேன். நெஞ்சு சுத்தமாக இருந்தது. கால்கள் கல்போல் இருந்தன. படித்ததெல்லாம் பொய் என்று முடிவு கட்டினேன். பெரிய நிபுணன் ஆகிவிட்டதாக எனக்கு எண்ணம்.

கறியையும் சோதித்துவிட்டால் அறிக்கை முழுமையாகும் என்று தோன்றியது. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்குப் பக்கத்தில் நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருந்த காசிம் பாயிடம் இரண்டு கோழியைக் கொண்டுபோனேன். கூண்டுக் கோழியின் காலில் சிவப்பு நூல், தரைக் கோழியின் காலில் நீல நூல். பாய் அறுத்து, உரித்து, கட்டைமேல் போட்டு வெட்டினார். சமைத்துச் சாப்பிட்டபின் சொல்வார் என்று நான் காத்திருந்தால், அவர் வெட்டும்போதே நிறுத்திவிட்டார். சிவப்பு நூல் காலை எடுத்து மூட்டைத் திருகிப் பார்த்தார். நீல நூல் காலையும் திருகினார். கூண்டுக் கோழி எலும்பு கத்தி பட்டதும் பிஸ்கட்டாக உடையும், குழம்பில் துண்டு துண்டாக வந்து வாடிக்கைக்காரர் பல்லில் மாட்டும், அக்கரையிலிருந்து வந்ததில் பார்த்திருக்கிறேன் என்றார். இது அப்படி இல்லையே பாய், இதுதான் நல்ல கூண்டு என்று நான் கம்பெனிக்காரனாகச் சிரித்தேன். பாய் கத்தியைத் துடைத்துவிட்டுச் சொன்னார்: "ரெண்டும் நடந்த கோழி தம்பி. காயிதத்துல நீங்க என்ன வேணா எழுதிக்கங்க."

எழுந்திருக்காத சேவல்

காயிதத்தில் நான் வேண்டியதை எழுதினேன். கறிக்கோழிக்குக் கூண்டே சிறந்தது என்று நாலு பக்கம். மேனேஜர் அதைப் படித்துவிட்டு வடக்கு வட்டாரம் முழுவதற்கும் கூண்டுப் பிரிவை என்னிடமே கொடுக்கப்போவதாகச் சொன்னார், கூடவே ஒரு சின்ன வேனும். பொன்னுசாமி அண்ணன் தரையில் இருந்ததையெல்லாம் விற்றுத் தீர்த்துக் கொட்டகையைக் காலி செய்தார். சோதனைக் கூண்டுகள் சும்மா கிடக்க வேண்டாம் என்று அவற்றில் மட்டும் இன்னொரு நூற்று இருபது குஞ்சுகளை விட்டார். அடுத்த மாத முதல் திங்கட்கிழமை தச்சர்கள் வந்து உமித் தரையை வெட்டி எடுத்துவிட்டுக் கூண்டுக்குக் கால் நடுவதாக ஏற்பாடு.

அந்த இடைவெளியில் டிரைவர் மணியம் ஒரு வேண்டுதலோடு வந்தார். லாரி ஒருமுறை பாலத்தோரம் சறுக்கித் தப்பித்ததற்காக முனியாண்டிக்குச் சேவல் நேர்ந்திருந்தார். நாட்டுச் சேவலைத் தேடி அலைவானேன், நான் நல்ல கனத்த சேவலாகவே தருகிறேன் என்று வாக்குக் கொடுத்து, அக்கரையில் எங்கள் கம்பெனிக் கூண்டு போட்ட ஒரு பண்ணையிலிருந்து வெள்ளைவெளேர் என்று ஒன்றை வாங்கி வந்தேன். முனியாண்டி கோயிலில் ஒரு முறை உண்டு. சேவலைச் சாமிக்கு முன்னால் நிற்கவைத்து மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். அது தலையைச் சிலுப்பினால் சாமி ஏற்றுக்கொண்டதாக அர்த்தம், அதற்குப் பிறகுதான் மற்றது. பூசாரி எங்கள் சேவலை நிற்கவைத்தார். அது உட்கார்ந்தது. தூக்கி நிறுத்தினார். கால் இரண்டும் இரண்டு பக்கம் விலக, மறுபடி உட்கார்ந்தது. உட்கார்ந்தபடியே சிலுப்பட்டும் என்று தண்ணீர் தெளித்தார்கள். சேவல் சுகமாகக் கண்ணை மூடிக்கொண்டது.

அரை மணி நேரம் தண்ணீர் தெளித்தோம். சாமிக்குத் தன்மேல் என்ன கோபமோ என்று மணியத்துக்கு வேர்த்துவிட்டது. லாரியைத் தொடவே பயமாக இருக்கிறது என்றார். கடைசியில் பூசாரி சேவலைத் தூக்கிப் புரட்டினார். நெஞ்சில் ஐம்பது காசு அகலத்துக்குக் கொப்புளம், கால் குச்சி மாதிரி. சேவலுக்குப் பதில் பூசணிக்காயை வெட்டி வேண்டுதலை முடித்தோம். மணியத்தின் முகம் தெளியவில்லை என்று பார்த்துப் பூசாரியே ஆறுதல் சொன்னார்: "சாமி வேணாங்கலப்பா. கோழிக்குத்தான் எந்திரிக்க முடியல."

மத்தியானம் மூன்று மணி

அன்று இரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதே கூண்டு, அதே தீனி, அதே குஞ்சு. அக்கரைக் கோழி நிற்கவே முடியாமல் விழுகிறது. பொன்னுசாமி அண்ணன் கோழிக்குக் கால் கல்போல் இருக்கிறது. எங்கேயோ ஏதோ இடிக்கிறது என்று தெரிந்தது. தச்சர்கள் வர நாலு நாள் இருந்தபோது, ஒரு வியாழக்கிழமை மத்தியானம், சொல்லாமல் கொள்ளாமல் பண்ணைக்குப் போனேன். எப்போதும் நான் காலையில் போகிறவன். மத்தியானம் அண்ணன் சாப்பிட்டுப் படுத்தால் நாலு மணிக்குத்தான் எழுவார், வீட்டில் யாரும் சத்தம் போடக்கூடாது.

கொட்டகைக்குள் கூண்டுகளில் ஒரு வரிசை காலியாகக் கிடந்தது. கூண்டுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த துண்டு இடத்தில் புது உமி பரப்பி, இரண்டு பக்கமும் சாக்குக் கட்டி, அதற்குள் அறுபது கோழிகள் இறக்கையை அடித்துக்கொண்டும் உமியைக் கிளறிக்கொண்டும் ஓடிக்கொண்டிருந்தன. நடுவில் ஒரு பலகைக்கட்டையில் லெட்சுமி அக்கா. என்னைப் பார்த்து அவர் பதறவில்லை. வாய்மேல் விரலை வைத்து, அண்ணன் தூங்குகிறார் என்று சைகை காட்டினார். எத்தனை நாளாக இது என்று மெதுவாகக் கேட்டேன். மூன்றாம் வாரத்திலிருந்தே, இன்றைக்கு ஒரு வரிசை, நாளைக்கு ஒரு வரிசை என்றார். போன முறையுமா என்றேன். போன முறையும்தான் என்றார். அக்கா, இது சோதனை ஆயிற்றே என்றேன். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"தீனியை அளந்துதான் போட்டேன் தம்பி. ஒரு கைப்பிடி மாத்தியிருந்தாலும் என்னைக் கேளுங்க. கம்பி மேல உக்காந்துகிட்டு நான் போற பக்கமெல்லாம் பாக்குதுங்க. சித்த நேரம் காலை நீட்டிட்டுப் போகட்டுமேன்னு எறக்கி விட்டேன், அவ்வளவுதான்."

நான் அந்த உமியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் சொன்னது உண்மை. சிலேட்டில் ஒரு பொய்யும் இல்லை. அவர் கண்ணில் திருட்டு என்றால் தீனியில்தான் நடக்கும். அந்தச் சித்த நேர ஓட்டம்தான் நெஞ்சில் கொப்புளம் வராமல் காத்தது, காலை வலுவாக்கியது, கூண்டை ஜெயிக்கவைத்தது என்று விளக்கினேன். அக்கா இறக்கிவிடாமல் இருந்திருந்தால் கூண்டுக் கோழிகளும் அக்கரைக் கோழிபோல உட்கார்ந்திருக்கும். நான் கூண்டு வேண்டாம் என்று எழுதியிருப்பேன். திங்கட்கிழமை அவருடைய தரையை யாரும் வெட்ட வரமாட்டார்கள். தன் கட்சியைத் தானே தோற்கடித்திருக்கிறார் அந்த மனுஷி.

ஒரு கோழி அக்காவின் காலடியில் வந்து உமியைக் கிளறிப் புடவைமேல் இறைத்தது. அவர் அதைத் தட்டிவிடவில்லை. அண்ணன் ஆசையாகக் கூண்டு போடுகிறார், இதைச் சொல்லி மனசை உடைக்க வேண்டாம் என்று முதலில் சொன்னார். பிறகு எழுந்து, நேரமாகிறது என்று கோழிகளைக் கைக்கு இரண்டாகத் தூக்கிக் கூண்டில் ஏற்றத் தொடங்கினார். நானும் எழுந்து தூக்கிக் கொடுத்தேன். கடைசிக் கூண்டை மூடிவிட்டு, என்னைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "தெரிஞ்சிருந்தாலும் எறக்கித்தான் தம்பி விட்டிருப்பேன்."

மேனேஜர் அறை

சொல்லாமல் இருந்துவிடலாம்தான். கூண்டுப் பிரிவு கிடைக்கும், வேனும் கிடைக்கும். ஆனால் மூவாயிரம் கோழியையும் கூண்டில் ஏற்றியபின் நெஞ்சிலெல்லாம் கொப்புளம் வந்தால், பூசைக்கு வாங்கும் சீன வாடிக்கைக்காரர்கள் ஒரே பெருநாளில் போய்விடுவார்கள். பாதி நிலம் போன பண்ணை, வாடிக்கையும் போனால் அத்தோடு முடிந்தது. அண்ணன் என் நாலு பக்கத்தை நம்பித்தான் கம்பி வாங்குகிறார். வெள்ளிக்கிழமை காலை மேனேஜர் லிம்மின் அறைக்குப் போய், அறிக்கையைத் திரும்பக் கொடுங்கள், அது தப்பு என்றேன்.

லிம் நல்ல மனிதர், ஆனால் கூண்டு விற்பதில் குறியாக இருப்பவர். எதனால் தப்பு என்று கேட்டார். கோழிகளை மத்தியானம் உலாவ விட்டிருக்கிறார்கள் என்றேன். யார் என்றார். வீட்டுக்காரம்மா என்றேன். ஏன் என்றார். பாவமாக இருந்ததாம் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். விற்ற கம்பியைக் கம்பெனி தானாகத் திரும்ப எடுக்காது, வாங்கியவரே வேண்டாம் என்று சொன்னால் பார்க்கலாம் என்றார். வேனைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நாலு பக்கத்தையும் என் கையில் கொடுத்து, எனக்குப் புரியட்டும் என்று தனக்குத் தெரிந்த பசார் மலாயில் சொன்னார்: "லைன் காலி, சாரி ஓராங் புஜாங்." அடுத்த சோதனைக்குக் கல்யாணமாகாத ஆளாகப் பார்த்துப் பிடி என்று அதற்கு அர்த்தம்.

சிவப்புச் சாயம்

சனிக்கிழமை நான் போனபோது பண்ணை வாசலில் கம்பிச் சுருள்கள் அடுக்கியிருந்தன. பொன்னுசாமி அண்ணன் முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய கைலியோடு, கூண்டுக்கு நடப்போகும் கால்களுக்குத் துரு பிடிக்காமல் சிவப்புச் சாயம் அடித்துக்கொண்டிருந்தார். பல வருஷமாக அவரை அவ்வளவு உற்சாகமாகப் பார்த்ததில்லை. நிலத்தில் பாதியை எடுத்துக்கொண்டவர்களுக்குப் பதில் சொல்வதுபோல் ஒவ்வொரு காலையும் தேய்த்துத் தேய்த்து அடித்தார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். முனியாண்டி கோயில் சேவலையும் சொன்னேன், காசிம் பாய் சொன்னதையும் சொன்னேன். அக்கா சொல்ல வேண்டாம் என்றதை மட்டும் சொல்லவில்லை.

அண்ணனுக்கு முதலில் கோபம் வந்தது. அப்படியானால் இறக்கிவிட்டால்தானே கூண்டு நன்றாக இருக்கிறது, இறக்கிவிட்டே வளர்த்தால் போகிறது என்றார். மூவாயிரத்தையுமா என்று கேட்டேன். ஆள் வைத்துக்கொள்ளலாம் என்றார், பிறகு தானே தலையாட்டினார். கம்பத்துக் கிராமப் பெண்கள் எல்லாம் தொழிற்சாலைப் பஸ்ஸில் ஏறிப் போய் வருஷமாகிறது, கோழி தூக்க யார் வருவார்கள்? சரி, இறக்காமலே வளர்ப்போம், வருகிறது வரட்டும், அவளிடம் நான் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன் என்றார். சொல்லிவிட்டுக் கொட்டகைப் பக்கம் பார்த்தார். அக்கா இரண்டு வாளித் தண்ணீரோடு உள்ளே போய்க்கொண்டிருந்தார், ஒரு வாளியைக் கீழே வைத்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்று, மறுபடி தூக்கிக்கொண்டு நடந்தார். அண்ணன் கண்ணுக்கு அது எட்டியதா என்று தெரியவில்லை. தூரிகையில் இருந்த சாயம் சொட்டிக் காலடி மண்ணெல்லாம் சிவப்பாகியது. மூவாயிரம் இல்லாவிட்டால் பண்ணை நிற்காது என்று சொன்ன மனிதர், ஆயிரத்தைந்நூறில் எப்படி நிற்பது என்று யோசிக்கிறார் என்று நான் நினைத்தேன்.

அவர் யோசித்தது அது இல்லை. தூரிகையைத் தகர டப்பாவுக்குள் போட்டு மூடியை அழுத்தி மூடினார். "நூத்தி இருவதுக்கே ரெண்டு மாசமா மத்தியானம் படுக்கல அவ. நான்தான் தூங்கிட்டேன்" என்றார். பிறகு கம்பிச் சுருளைக் காட்டிச் சொன்னார்: "சொன்னா கேக்க மாட்டா தம்பி. மூவாயிரத்தைக் கூண்டுல போட்டா எறக்கி எறக்கியே செத்துப்போவா. திங்கக்கிழமை ஆளை வர வேணாம்னு சொல்லிடுங்க, ஆயிரத்தைந்நூறு போதும் எங்க ரெண்டு பேருக்கும்."

கறிக்கோழிக்குக் கூண்டா தரையா என்று இன்றைக்கும் யாராவது என்னைப் பிடித்துக் கேட்டால், தீனிக் கணக்கையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம், உங்கள் வீட்டில் மத்தியானம் தூங்காமல் இருப்பது யார் என்று முதலில் பார்த்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிடுகிறேன்.